கணேஷ்குமார் விட்டுப்போன உறை

“நாலு மணி நேரம் கரண்ட்டு குடுக்குறான், எட்டு மணி நேரம் புடுங்கிக்கிறான். மனுசன் தாங்குவான். ஈஸ்ட்டு தாங்குமா?”

இந்தப் பர்மிய ஊரின் பசுந்தாங் பேட்டையில், எங்கள் கட்டடத்தின் ஐந்து மாடிகளிலும் இதைக் கேட்காத காது கிடையாது. மின்சாரம் போனதும் முதலில் விசிறி நிற்கும், அடுத்து நாலாம் மாடியிலிருந்து சொக்கன் மாமாவின் குரல் இறங்கும். அவர் குரலை எடுப்பது சுலபம். பாதியை மூக்கில் வைத்துக்கொண்டு, மீதியை வெற்றிலைக்கு அடியில் ஒதுக்கிவிட வேண்டும். ஒருநாள் நான் மூன்றாம் மாடிப் படியில் நின்று அதைச் செய்துகாட்டி எல்லாரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் அவரே நின்றிருந்தார்.

“தப்பு,” என்றார். “‘தாங்குமா’ன்னு நான் இழுக்க மாட்டேன். கடிப்பேன். திருப்பிச் சொல்லு.”

திருப்பிச் சொன்னேன்.

“ம்ம். இப்பத்தான் நான்.” சொல்லிவிட்டுக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறிப் போனார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஈஸ்ட் பீரைப் புளிக்கவைக்கிற சங்கதி, மாமாவோ பீர் குடிக்க மாட்டார். ஒரு சொட்டுக்கூட. கண்ணில் படுகிற மோட்டாரையெல்லாம் பிரித்துப்போட்டுச் செம்புக் கம்பிக் காயில் கட்டுவது அவர் தொழில். ஊருக்கு வெளியே ஷ்வேப்யிதாவின் தையல் ஆலைகளில் மோட்டார் எரிந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஈஸ்ட் அவருடையது இல்லை. அவர் மகன் கணேஷ்குமாருடையது.

கணேஷ் ஒரு ஹோட்டல் பாரில் வேலை பார்த்தான். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் தன் ஊரிலிருந்து கொண்டுவந்த பீரைக் குடித்துவிட்டு வைத்துப்போன பாட்டிலில், அடியில் கொஞ்சம் ஈஸ்ட் வண்டல் இருந்தது. வேறு யாராவது என்றால் கழுவி ஊற்றியிருப்பார்கள். அவன் அதை மூடி வீட்டுக்கு எடுத்துவந்தான். முளைகட்டிய பார்லியில் செய்த மால்ட் மாவைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வண்டலை அதில் விட்டான். இரண்டு நாள் கழித்து ஜாடிக்குள் குமிழி கிளம்பியது.

“உசுரோட இருக்குப்பா!” என்று அவன் கத்தியது கீழே பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்டது.

“ஆமா. படிச்ச புள்ள, வெள்ளக்காரன் எச்சில வளக்குறான்,” என்றார் மாமா.

அந்த எச்சிலிலிருந்து நாலைந்து தடவை பீர் காய்ச்சினான். வாழைப்பழ வாசம் அடிக்கும், கொஞ்சம் கலங்கலாக இருக்கும். கட்டடமே குடித்தது, மாமாவைத் தவிர. காய்ச்சுவதற்கு முன்னால் ஈஸ்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்குவானே, அதற்கு அவன் ஸ்டார்ட்டர் என்பான். மாமா ‘உறை’ என்பார். பாலுக்கு உறை மோர் மாதிரி பீருக்கு இது. அந்தப் பெயர்தான் கடைசியில் நிலைத்தது.

பிறகு இளைஞர்களைப் பட்டாளத்துக்கு எடுக்கும் சட்டம் வந்தது. கணேஷுக்கு இருபத்தாறு வயது. ஒரு காலையில், தோளில் ஒரே ஒரு பையோடு எல்லைக்குப் போகும் பஸ் ஏறக் கிளம்பினான். அம்மாவிடம் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது, அது கதவுக்கு உள்ளே நடந்தது. அப்பாவிடம் சொன்னது படியில் நடந்தது.

“ப்பா, ஃப்ரிட்ஜ்ல ஜாடி இருக்கு. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா சோறு போடு. அத மட்டும் சாவ உட்றாத. நான் வந்துதான் காய்ச்சணும்.”

“போடா டேய், பெரிய யான. எச்சிலுக்குச் சோறு போடணுமாம்,” என்றார் மாமா. அவன் கீழே போகிற வரைக்கும் படியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

அந்த வாரமே வேலையை ஆரம்பித்துவிட்டார். பழைய கம்ப்யூட்டர் விசிறி ஒன்றை எடுத்தார். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைப் பெயர்த்து விசிறியின் மேல் ஒட்டினார். கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு சின்ன இரும்புத் துண்டைப் போட்டு, விசிறியின் மேல் வைத்தார். விசிறி சுற்றினால் உள்ளே துண்டு சுற்றும், ஈஸ்ட் அடியில் படியாமல் காற்று வாங்கிக்கொண்டே பெருகும். மகன் கையால் குலுக்கிக்கொண்டிருந்ததை மோட்டார்க்காரர் ஒரே வாரத்தில் இயந்திரமாக்கிவிட்டார். ஒரே ஒரு கோளாறு, அதற்குக் கரண்ட் வேண்டும். நான் மேலே சொன்ன வாக்கியம் பிறந்தது அப்போதுதான்.

மின்சாரம் திரும்பி வந்தால் தெருவே “மீ லாப்பி!”, கரண்ட் வந்தாச்சு, என்று பர்மிய மொழியில் கத்தும். மற்றவர்கள் தண்ணீர் மோட்டாரைப் போட ஓடுவார்கள், மாமா குடுவையிடம் ஓடுவார். கணேஷ் ஞாயிறுதோறும் பாங்காக்கிலிருந்து கூப்பிடுவான். அம்மாவோடு பேசி முடித்ததும் ஃபோன் அப்பாவிடம் வரும். அப்பாவும் பிள்ளையும் வாழ்நாளில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எல்லாம் ஈஸ்ட் பற்றித்தான். உடம்பு எப்படி என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள வெட்கம். ஈஸ்ட் எப்படி என்று கேட்டுக்கொண்டார்கள்.

“முட்ட நாத்தம் அடிக்குதுடா.”

“பயப்படாதப்பா, பசி. போயிரும்.”

“மேல நொர கட்டல.”

“அடியில பாரு, வெள்ளையா படிஞ்சிருக்கா?”

“படிஞ்சிருக்கு.”

“அப்ப நல்லாத்தான் இருக்கு. நீ சாப்ட்டியா?”

“அதுக்குப் போட்டேன்.”

“ஒன்னத்தான்ப்பா கேக்கறேன்.”

அவன் வைத்துவிட்டுப் போன மால்ட் மாவு மூன்று டப்பா. ஒரு வருஷத்தில் தீர்ந்துவிட்டது. கடை கடையாக ஏறி இறங்கினார், சரக்கு வருவதில்லை என்றார்கள். மாமா பனைவெல்லத்தைக் கரைத்துக் கொடுத்தார். ஈஸ்ட் சந்தோஷமாகப் பொங்கியது. மகனிடம் பெருமையாகச் சொன்னால், அவன் பதறினான்.

“ப்பா, வெல்லமே தின்னா சோம்பேறியாயிரும். அப்புறம் மால்ட்ட பாத்தா அடையாளம் தெரியாது. மறந்துரும்.”

“ஏன், ஒனக்கு எட்டு வயசு வரைக்கும் வெல்லந்தான் ஊட்டுனா ஒங்கம்மா. நீ எங்கள மறந்துட்டியா?”

ஃபோனில் சிரிப்புச் சத்தம் வந்தது. ஆனால் மாமா பயந்துவிட்டார். மறுநாளே பார்லி வாங்கி ஊறவைத்தார். முளைக்கவில்லை. தோல் நீக்கிய பார்லி, அது எப்படி முளைக்கும்! பிறகு ஷான் மலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வியாபாரியிடம் தோலோடு இருந்த பார்லியைப் பிடித்தார். ஈரச் சாக்கில் முளைகட்டி, மொட்டைமாடியில் காயவைத்து, மனைவியின் மிக்ஸியில் உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து வடித்தார். கஞ்சி தித்தித்தது. கொதிக்கவைத்து ஆற்றி, குடுவையில் ஊற்றி, ஜாடியின் அடியில் இருந்த ஈஸ்ட் முழுவதையும் அதில் விட்டார்.

அது அசையவே இல்லை.

இந்த வருஷம் மாசியில், சரியாக அதே வாரத்தில்தான் அத்தை காப்புக் கட்டிக்கொண்டார். மாமாவின் மனைவி சிவகாமசுந்தரி. ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் இருக்கிற அம்மன் கோயிலுக்கு, மகன் திரும்பி வரவேண்டும் என்று பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். காப்பு கையில் இருக்கும் பத்து நாளும் வீட்டில் கறி, மீன், முட்டை ஆகாது. சாராயம் வாசலைத் தாண்டவே கூடாது.

“ஏங்க, அந்தக் குடுவைய வெளிய கொண்டு போங்க.”

“அது சாராயமில்ல, சுந்தரி.”

“பீரு சாராயமில்லயா?”

“பீரு இல்ல, இது ஈஸ்ட்டு. உசுரு. ஒன் தோச மாவுல பொங்குதுல்ல, அந்த மாதிரி ஒரு உசுரு. தோச மாவு தீட்டா?”

அத்தை யோசித்தார். கன்னத்தில் பூசியிருந்த தனக்கா மரச்சாந்து காய்ந்து வெடிக்கிற அளவுக்கு யோசித்தார். “மாவு மாதிரியா?”

“மாவேதான்னு வச்சிக்கயேன்.”

“அப்ப இருக்கட்டும். எம் புள்ளயோடது வேற,” என்றார் அத்தை. அன்றிலிருந்து சாமி விளக்கை ஏற்றிய கையோடு குடுவையையும் ஒரு தரம் தொட்டுக் கும்பிட ஆரம்பித்தார். மாமா வாதத்தில் ஜெயித்துவிட்ட பெருமையில், வெற்றிலையை இரண்டாக மடித்துப் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஷ்வேப்யிதாவில் ஒரு ஆலையில் நாலு மோட்டார் ஒரேயடியாக எரிந்தன. மாமா போனார். இரண்டு நாள் அங்கேயே தங்க வேண்டியதாகிவிட்டது. இங்கே குடுவை அப்படியே கிடந்தது. கரண்ட் இல்லை, விசிறி சுற்றவில்லை, குமிழி இல்லை. அத்தை காலையில் பார்த்தார், மத்தியானம் பார்த்தார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“செத்துருச்சா?”

எனக்கென்ன தெரியும்? “தூங்குது அத்த,” என்றேன்.

“ரெண்டு நாளாவா தூங்கும்?”

அத்தைக்கு மாவைப் பற்றி எல்லாம் தெரியும். குளிர்நாளில் மாவு பொங்காவிட்டால் என்ன செய்வார்கள்? முந்தின நாள் மாவில் ஒரு கரண்டி எடுத்துப் போட்டுக் கையால் கலக்கி வைப்பார்கள். அத்தையும் குளித்து, ஈரத்தலையோடு சாமி கும்பிட்டுவிட்டு, பழைய இட்லி மாவில் ஒரு கரண்டி எடுத்துக் குடுவையில் விட்டுக் கலக்கினார். அம்மனிடம் வேண்டிக்கொள்ளவும் செய்தார்: இது எழுந்தால் பிள்ளை வருவான், எழுந்தால் பால்குடத்தோடு நிற்க மாட்டேன், தீயே மிதிக்கிறேன்.

விடிந்து பார்த்தால், எழுந்திருந்தது. எழுந்ததா! குடுவையின் கழுத்துவரை நுரை. மூடியிருந்த ஈயத்தாளைத் தள்ளிக்கொண்டு மேசையில் வழிந்திருந்தது. அத்தை போட்ட சத்தத்தில், கரண்ட் வந்துவிட்டதென்று கீழ் வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் சுவிட்சைத் தட்டிவிட்டார்.

மாமா அன்று மத்தியானம் வந்தார். அத்தை படியிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னார். மாவு விட்டது, வேண்டிக்கொண்டது, எழுந்தது, ஒன்றுவிடாமல். மாமா செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே போனார். வெக்கைக்குக் கதவு திறந்துதான் இருந்தது, எதிர்வீட்டு வாசலில் நின்ற எனக்கு எல்லாம் தெரிந்தது. ஈயத்தாளை விலக்கி முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். குடுவையை வெளிச்சத்தில் சாய்த்து, அடியில் படிந்திருந்த அரிசி வெள்ளையைப் பார்த்தார். வாழைப்பழ வாசம் இல்லை. தோசைக்கடை வாசம் என் வீடு வரைக்கும் வந்தது.

“எப்புடிங்க இருக்கு?” என்றார் அத்தை.

மாமா திரும்பவே இல்லை. “நல்லாருக்கு,” என்றார். பிறகு, “ரொம்ப நல்லாருக்கு சுந்தரி. போய்ச் சோறு வை.”

அத்தை அடுப்படிக்குப் போனதும் மாமா ஓட ஆரம்பித்தார், பின்னாலேயே நானும். தெருமுனையில் இப்ராஹிம் பாயின் ஐஸ் கடை. இரண்டு மாதத்துக்கு முன்னால், ஆபத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு சின்ன மருந்து பாட்டிலில் ஈஸ்ட்டை அடைத்து அங்கே ஒப்படைத்திருந்தார். அன்று பாய் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது: “சொக்கா, நாளைக்கு மறுமையில என்னக் கேட்டா என்னாடா சொல்றது? பீரு இல்ல, பீரோட வெதன்னு சொல்லவா?” சிரித்துக்கொண்டேதான் வாங்கி வைத்தார்.

இப்போது பாட்டிலை எடுத்துவந்தபோது பாய் முகம் பெருமையில் மின்னியது. “ஒன் சாமானாச்சேன்னு மேல வக்கலடா. ஐஸ் பாளத்துக்கு நடுவுல, நல்லா ஆழமா வச்சிருந்தேன். கல்லு மாதிரி இருக்கு பாரு.”

கல்லு மாதிரித்தான் இருந்தது. ஈஸ்ட் குளிரில் தூங்கும், உறைந்தால் உடைந்துவிடும். மாமாவுக்கு அது தெரியும். பாய்க்குத் தெரியாது, மாமாவும் சொல்லவில்லை. “நல்ல வேல செஞ்ச பாய்,” என்று வாங்கிக்கொண்டார்.

அந்தப் பாட்டிலை அவர் தன் பட்டறையில் ஒளித்துவைத்து ஐந்து நாள் முயன்றார். மிச்சமிருந்த பார்லிக் கஞ்சியை ஸ்பூன் கணக்கில் கொடுத்தார். சட்டைக்குள் வைத்துக்கொண்டு சூடேற்றினார். ஐந்தாம் நாள் நான் சாப்பாட்டுத் தூக்கு கொடுக்கப் போனபோது பாட்டில் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது. அன்றுதான் என்னிடம் சொன்னார். குரலில் மூக்கும் இல்லை, வெற்றிலையும் இல்லை.

“பார்லிக்குப் பழகறதுக்குத்தான் குடுவைல இருந்தது நேரம் எடுத்துச்சு. இன்னும் ஒரே ஒரு நாள் சும்மா உட்ருந்தா தானே எழுந்திருக்கும்.” பிறகு, “அவகிட்ட மூச்சு விடாத. மாவு மாதிரின்னு சொன்னது நான்தான்,” என்றார்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணமும் அதுதான். அத்தைக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது.

தீமிதியைத் தடுக்க மாமா பார்க்காத வழியில்லை. கூட்டம் என்றார், பாலத்தில் சோதனை என்றார், உனக்குச் சர்க்கரை இருக்கிறது என்றார். அத்தை ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்: “அதான் எழுந்துருச்சில்ல.” மஞ்சள் புடவை, கையில் வேப்பிலை. அத்தை தன்லியினில் தீயில் இறங்கினார், இந்தப் பக்கம் ஏறினார். மாமா தீயின் பக்கம் பார்க்கவே இல்லை. எதிரில் நின்ற ஒரு பலூன்காரனை முறைத்துக்கொண்டிருந்தார்.

வலது பாதத்தில் இரண்டு கொப்புளம். எங்களில் ஒரு நம்பிக்கை உண்டு, விரதத்தில் குறை இருந்தால்தான் தீ சுடும். பஸ்ஸில் திரும்பி வரும்போது அத்தை பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினார். குளிக்காமல் எதையாவது தொட்டேனா? யாரையாவது திட்டினேனா? என்ன தப்பு செய்தேன்? எண்ண எண்ண முகம் சிறுத்துக்கொண்டே போனது.

“நாந்தான்,” என்றார் மாமா.

“என்னா நீங்க?”

“ஷ்வேப்யிதாவுல முட்ட தின்னேன். பசி. ஆலைல குடுத்தாங்க, தின்னுட்டேன்.”

அந்த இரண்டு நாளும் அவர் வெறும் சோறும் உப்பும்தான் சாப்பிட்டார் என்று ஆலைக்காரர்கள் பிறகு கேலியாகச் சொன்னார்கள். ஆனால் அத்தைக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை. பஸ் முழுக்கக் கேட்கும்படி அத்தை திட்டினார். “ஒரு முட்டைக்குப் புள்ளய வித்துட்டீங்களே! ரெண்டு முட்டயா, ஒரு முட்டயா?”

“ரெண்டு,” என்றார் மாமா. கொப்புளமும் இரண்டல்லவா.

எட்டு நாள் அத்தை அவரோடு பேசவில்லை. தட்டை மட்டும் டங்கென்று வைப்பார். மாமா உட்கார்ந்து சாப்பிட்டார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை குடுவைக்குக் கஞ்சி ஊற்றினார். விசிறியையும் சுற்றவிட்டார். அத்தை வந்து எட்டிப்பார்க்கும்போதெல்லாம் அது ஜோராகப் பொங்கிக்கொண்டிருந்தது. இட்லி மாவுக்கென்ன, பொங்குவதில் குறையே வைக்காது.

அந்த நாட்களில் ஒருமுறை அத்தை என்னைப் படியில் நிறுத்தினார். “நீதான் எல்லார் கொரலும் எடுப்பியே. கணேசு மாதிரி ‘ம்மா’ன்னு ஒரே தரம் கூப்புடு.” எனக்கு அந்தக் குரல் நன்றாக வரும். அன்றைக்கு வரவில்லை என்று பொய் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கணேஷ் கூப்பிட்டபோது அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. மாமா ஃபோனை எடுத்துக்கொண்டு என் கதவுக்கு வெளியே, படித்திருப்பத்தில் வந்து நின்றார். ஸ்பீக்கரில் போட்டால்தான் அவருக்குக் காது கேட்கும். அதனால் எனக்கும் கேட்டது.

அன்று அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வெல்லம், பார்லி, மாவு, ஐஸ், தீ, முட்டை. முதலில் கணேஷ் சிரித்தான். “இட்லி மாவாப்பா? அம்மாவா?” என்று மூச்சுமுட்டச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

“ப்பா.”

“சொல்றா.”

“நானும் ஒண்ணு சொல்லணும். பாஸ்போர்ட்டு முடிஞ்சிருச்சு, புதுசு குடுக்க மாட்றாங்க. அங்க வந்தா எறங்குன எடத்துலயே பட்டாளத்துக்குப் புடிச்சிக்குவாங்க. வேற நாட்டுக்கு அகதியாப் போறதுக்கு எழுதிக் குடுத்துருக்கேன். கெடச்சா, அதுக்கப்புறம் திரும்பி வரவே முடியாது.” மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “எனக்காக அத வச்சிருக்க வேணாம்ப்பா. எதுக்கு இருக்கு? கொட்டிரு.”

மாமா சுவரில் சாய்ந்தார். வாயில் இருந்ததை ஜன்னல் வழியாகத் துப்பினார். ஃபோனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு பேசினார். நான் கேட்டது இவ்வளவுதான்:

“கொட்டறதாடா? ஒங்கம்மா தெனம் காலைல அதத் தொட்டுக் கும்புட்டுட்டுத்தான் அடுப்பு பத்த வைக்கிறா. அத நம்பித்தான் தீயில எறங்குனா. உள்ள இருக்கறது ஒன்னோடதா, தோச மாவாங்கறது ஒனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும். நான் இருக்கற வரைக்கும் அதுக்குச் சோறு போடுவேன். கொட்டணும்னா, நீ வந்து கொட்டு.”